பெயில் ஆக்காதே, அதன் பிறகு?

இத்தாலியின் பார்பியானா பள்ளியைப் பற்றித் தமிழில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் உருகித்தான் பேசுகிறார்கள். மலைமேல் ஒரு சின்ன தேவாலயம், குடியானவர்களின் பிள்ளைகள், அவர்களை அரவணைத்த ஒரு பாதிரியார், தங்களைப் பெயிலாக்கிய டீச்சருக்கு அந்தப் பிள்ளைகள் எழுதிய ஒரு கடிதம். 'எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?' என்ற பெயரில் அது தமிழுக்கு வந்து, கல்வியில் அக்கறையுள்ள ஆசிரியர்களிடையே கைமாறிக்கொண்டே இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் தேர்ச்சி தரலாமா கூடாதா என்ற சண்டை வரும்போதெல்லாம், தரலாம் என்கிற தரப்பு இந்தப் புத்தகத்தைச் சாட்சிக்கு அழைக்கும்.

அழைக்கட்டும். ஆனால் கூண்டில் வந்து நிற்பவர் அவர்கள் எதிர்பார்த்த ஆளாக இருக்கமாட்டார். அந்தப் பாதிரியார், லொரென்சோ மிலானி, விடுமுறையை வெறுத்தவர். வகுப்பில் விளையாட்டுக்கு இடம் தராதவர். தேவைப்பட்டால் சாட்டையையும் எடுத்தவர். 'பெயில் ஆக்காதே' என்பது அவருடைய கோரிக்கையின் முதல் பாதி மட்டும்தான். மறுபாதியைப் படிக்காமல் அவரை மதிப்பிட முடியாது. படித்துவிட்டால் அவரை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் முடியாது.

மிலானி 1923இல் ஃபுளோரன்ஸில், படிப்பும் வசதியும் தலைமுறைகளாகப் புழங்கிய வீட்டில் பிறந்தார். தாய் யூத வழியினர். ஓவியம் கற்கப் போன பையன் 20 வயதில் கத்தோலிக்கத்துக்கு வந்தார், 1947இல் குருவானார். முதல் பணி, ஃபுளோரன்ஸுக்குப் பக்கத்தில் கலென்சானோவில். அங்கே இளம் தொழிலாளர்களுக்கு ஒரு பள்ளி தொடங்கியபோது வகுப்பறைச் சுவரில் இருந்த சிலுவையை இறக்கி வைத்தார். கம்யூனிஸ்ட் வீட்டுப் பையனும் தயங்காமல் உள்ளே வர வேண்டும் அல்லவா! ஒரு பாதிரியார் இப்படிச் செய்தால் மேலிடம் எத்தனை நாள் பொறுக்கும்? 1954 டிசம்பரில் அவரைப் பார்பியானாவுக்கு அனுப்பினார்கள். மலைச்சரிவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள். சாலை கிடையாது, மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீரும் கிடையாது. நம் ஊர் அரசு ஊழியர்கள் 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல்' என்பார்களே, அதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றிய உத்தரவு அது.

அங்கே ஆரம்பப் பள்ளியை முடித்துவிட்டு மேலே படிக்க வழியில்லாமல் இருந்த ஆறு பையன்களைக் கூட்டி அவர் தொடங்கியதுதான் பார்பியானா பள்ளி. காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் மாலை ஏழரை வரை நடக்கும். நடுவில் சாப்பிட மட்டும் கொஞ்சம் இடைவெளி. ஞாயிறும் உண்டு, கோடையும் உண்டு. வருஷத்தில் 365 நாளும் பள்ளி. பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பையன் தனக்குத் தெரிந்ததைச் சின்னவர்களுக்கு நடத்துவான். தினம் செய்தித்தாளை உரக்கப் படித்து, புரியாத ஒரு சொல்லில் நின்று, அதை முழுவதும் பிரித்துப் பார்த்த பிறகே அடுத்த வரி. வெளிநாட்டு மொழிகளை இசைத்தட்டு வைத்துக் கற்றார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் கோடையில் இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் போய் வேலை பார்த்துக்கொண்டே பேசிப் பழகினார்கள்.

இந்த நேரக் கணக்கை நம் கண்ணால் பார்த்தால் கொடுமை. ஆனால் மிலானியின் வாதத்தை அவருடைய இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பள்ளி இல்லாத நேரத்தில் மலைப்பிள்ளை மைதானத்தில் பந்து விளையாடப் போவதில்லை. காட்டில் ஆடு மேய்ப்பான், தொழுவத்தில் சாணி அள்ளுவான். வீட்டில் 36 மாடு வைத்திருந்த ஒரு பையனைக் கடிதம் நினைவுகூர்கிறது. பள்ளி எவ்வளவு கடினமாக இருந்தாலும் சாணத்துக்கு மேல்தான் என்பது அவன் கட்சி. விடுமுறை யாருக்கு லாபம் என்ற கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்ட கல்விச் சிந்தனையாளர் வேறு யாரும் என் நினைவுக்கு வரவில்லை. குழந்தை மையக் கல்வி என்று நாம் கொண்டாடும் பல பள்ளிகளில் பிள்ளைக்கு வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம் இருக்கும், சாப்பாட்டு மேசையில் பேச்சு இருக்கும். பள்ளி விட்டுவைத்ததை வீடு நிரப்பிவிடும். மிலானியின் பிள்ளைகளுக்கு அப்படி நிரப்ப ஒன்றும் இல்லை.

கடிதம் எழுந்த சூழலுக்கு வருவோம். 1962இல் இத்தாலி ஒரு சட்டம் இயற்றி, நடுநிலைப் பள்ளியை எல்லோருக்கும் ஒன்றாக்கியது. 14 வயது வரை படிப்பு கட்டாயம். ஏட்டில் கதவு திறந்துவிட்டது. ஆனால் பார்பியானாவில் படித்து, ஆசிரியர் பயிற்சிக்கான அரசுப் பள்ளியில் சேர்ந்த இரண்டு பையன்கள் பெயிலானார்கள். அதிலிருந்து பிறந்தது 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்'. எட்டுப் பையன்கள் எழுதியது. 1967 மே மாதம் வெளிவந்தது. ஜூன் 26ஆம் தேதி, புற்றுநோயில், மிலானி இறந்தார். வயது 44.

கடிதத்தைக் கண்ணீர்க் கதையாகப் படிப்பவர்கள் அதிலுள்ள அட்டவணைகளைத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். புத்தகத்தின் எலும்பே அவைதான். பையன்கள் தேசியப் புள்ளிவிவரங்களை எடுத்துவைத்துக்கொண்டு, பெயிலாகிறவர்களின் அப்பாக்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். பிறகு வயதைப் பார்க்கிறார்கள். இங்கேதான் அவர்கள் ஒரு பொறிமுறையைக் கண்டுபிடிக்கிறார்கள். பெயிலான பையன் அதே வகுப்பில் ஒரு வயது கூடியவனாக உட்காருகிறான். இன்னொரு முறை பெயிலானால் இரண்டு வயது. 14 வந்ததும் சட்டத்தின் கட்டாயம் தீர்ந்துவிடுகிறது. அவனோ இன்னும் கீழ் வகுப்பில்தான் இருக்கிறான். கையில் கூலி வாங்கும் வயது வந்துவிட்டது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் சின்னப் பிள்ளைகள். யாரும் அவனை வெளியேற்ற வேண்டியதில்லை, அவனே போய்விடுவான். பள்ளியின் ஏட்டில் அது 'இடைநிற்றல்'. அட்டவணைகளைத் தயாரித்த உழைப்புக்காக இத்தாலிய இயற்பியல் கழகம் பரிசே கொடுத்தது.

இந்தப் பகுதியில் மிலானியின் தரப்பு அசைக்க முடியாதது. டாக்டர் வீட்டுப் பையன் பியெரினோ பள்ளிக்கு வரும்போதே எழுதப் படிக்கத் தெரிந்து வருகிறான். குடியானவன் மகன் ஜியான்னி வீட்டில் பேசுகிற மொழியோடு வருகிறான். இரண்டு பேருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே மதிப்பெண் என்றால் அதன் பெயர் சமத்துவம் இல்லை. கடிதம் இதை உணர்ச்சியாகச் சொல்லாமல் கணக்காகக் காட்டுகிறது. அரை நூற்றாண்டு கழிந்தும் இந்தக் கணக்கில் பிழை கண்டுபிடித்தவர் யாரையும் நான் படித்ததில்லை. எதிராளிகள் தொனியைத்தான் குறைசொன்னார்கள்.

தொனியில் குறை உண்டு என்பதும் உண்மையே. கடிதம் பெறும் ஆசிரியை வாய் திறப்பதே இல்லை. அவளும் சம்பளக்காரி. அவளுக்கு எத்தனை பிள்ளைகள், வகுப்பில் எத்தனை பேர், பாடத்திட்டத்தை யார் அவள் தலையில் கட்டினார்கள் என்று பையன்கள் கேட்பதில்லை. வாரத்துக்கு 18 மணி நேரம் பாடம் எடுத்துவிட்டுப் போகிறீர்கள், மத்தியானத்தில் பணக்காரப் பிள்ளைகளுக்குக் காசுக்கு டியூஷன் எடுக்கிறீர்கள் என்ற குற்றச்சாட்டு சரியான இடத்தில் குத்துகிறது. ஆனால் அமைப்பின் பாவத்தை முழுவதும் ஒரு பெண்ணின் முகத்தில் எழுதுவது, எழுத்துக்கு வேகம் தருமே தவிர நியாயம் தராது.

மிலானியின் தத்துவத்தில் எது மிஞ்சும் என்று என்னைக் கேட்டால் மொழி என்பேன். சட்டம், சம்பளம், ஓட்டு எல்லாவற்றையும்விட மொழிதான் மனிதனை மனிதனுக்குச் சமமாக்குகிறது என்று அவர் நம்பினார். தன் சபை மக்களுக்குப் பிரசங்கம் புரியவில்லை என்பதைக் கண்டு, அதன் காரணத்தைத் தேடி 1958இல் ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அதே வருஷக் கடைசியில் வத்திக்கான் அதை விற்பனையிலிருந்து திரும்பப் பெற வைத்தது. அவர் கண்ட காரணம், மக்களுக்குப் பக்தி குறைவு என்பதல்ல, சொல் குறைவு என்பது.

சொல்லை எப்படிக் கொடுத்தார் என்பதைக் கடிதமே காட்டுகிறது. ஒவ்வொருவனும் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறான். ஒரு யோசனை வந்தால் உடனே எழுதுகிறான். ஒரு தாளுக்கு ஒரே யோசனை, அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும். ஒருநாள் எல்லாத் தாளையும் பெரிய மேசையில் பரப்புகிறார்கள். இரண்டு பேர் ஒன்றையே எழுதியிருந்தால் ஒன்று போகிறது. உறவுள்ள தாள்கள் ஒரு குவியலாகின்றன, குவியல்கள் அத்தியாயங்களாகின்றன. ஒரு குவியலுக்குப் பெயர் வைக்க முடியவில்லை என்றால், ஒன்று அதில் ஒன்றுமே இல்லை, அல்லது இரண்டு குவியல் அதில் கலந்திருக்கிறது. பிறகு வாக்கியம் வாக்கியமாக வெட்டு. ஒட்டிக்கொண்டிருக்கும் அடைமொழி, ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு கருத்து, நீளமான சொல், எல்லாம் போகும். முடித்ததும் வெளியாட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் படித்துக் காட்டுகிறார்கள். அதிகம் படிக்காதவர்கள் என்றால் இன்னும் நல்லது. அவர்களுக்குப் புரியாத வரி மறுபடி மேசைக்கு வரும். 'எனது பொழுதுபோக்கு' என்று பத்து வரி எழுதவைத்து, சிவப்பு மையில் பிழை திருத்தி, நூற்றுக்கு இத்தனை என்று போடும் கட்டுரை வகுப்புகளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கும்.

இந்த முறை மிலானியின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பியாதெனா அருகே ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்த மரியோ லோதி 1963இல் பார்பியானாவுக்கு வந்து பேசியபோது விதைத்தது அது. கேட்டதைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கொண்டுபோன பெருமை மிலானியுடையது. கடிதத்தில் கேட்பது பையன்களின் குரலா வாத்தியாரின் குரலா என்று நெடுநாளாகச் சண்டை நடக்கிறது. இரண்டும்தான். மிலானியின் சீற்றத்தை அவருடைய பிற எழுத்துகளில் படித்தவர்கள் இங்கேயும் அடையாளம் கண்டுகொள்வார்கள். அதனால் பையன்களின் பங்கு குறைந்துவிடாது. ஆனால், 'பிள்ளைகளே சுதந்திரமாகப் பேசினார்கள்' என்று மேடையில் சொல்வது மிகை. ஒரு வலுவான வாத்தியாரின் பக்கத்தில் தினம் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிள்ளைகள் அந்த வாத்தியாரின் கோபத்தையும் கற்றுக்கொண்டுதான் பேசுவார்கள்.

சரி, மறுபாதிக்கு வருவோம். கடிதம் மூன்று சீர்திருத்தங்களைக் கேட்கிறது. பெயில் ஆக்காதீர்கள் என்பது முதலாவது. மந்தம் என்று நீங்கள் நினைக்கிற பிள்ளைக்கு முழுநேரப் பள்ளி கொடுங்கள் என்பது இரண்டாவது. ஆர்வமில்லாத பிள்ளைக்கு ஒரு குறிக்கோள் கொடுங்கள் என்பது மூன்றாவது. முதலாவது அரசுக்கு ஒரு காசு செலவு வைக்காது, ஓர் ஆணை போதும். இரண்டாவதுக்கு ஆசிரியர் வேண்டும், கட்டடம் வேண்டும், சாப்பாடு வேண்டும், நேரம் வேண்டும். எந்த அரசு எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதைச் சொல்ல ஜோசியர் தேவையில்லை.

இத்தாலி பரவாயில்லை. 1971இல் ஆரம்பப் பள்ளிகளில் முழுநேரக் கல்விக்கு ஒரு சட்டம் வந்தது. 1977இல் கட்டாயக் கல்வி வகுப்புகளில் மதிப்பெண் முறையையும் மறுதேர்வையும் தளர்த்தும் சட்டம் வந்தது. அந்தக் கடிதம் மட்டுமே காரணம் என்று சொன்னால் தொழிற்சங்கங்களுக்கும் மாணவர் இயக்கங்களுக்கும் அநியாயம். ஆனால் முழுநேரப் பள்ளி எங்கே பரவியது என்று பாருங்கள். வடக்கே செழித்தது. வறுமை கூடுதலாக உள்ள தெற்கில், குறிப்பாகச் சிசிலியில், இன்றும் அது குறைவு. நேரம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்குக் கடைசியில்தான் போய்ச் சேர்கிறது.

நம் பக்கம் இன்னும் விசித்திரம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியரின் கடமை என்றது. முதலாவது ஊரெங்கும் 'ஆல் பாஸ்' என்று பெயர் பெற்றது. இரண்டாவதுக்குப் பட்டப்பெயர்கூட வைக்கவில்லை, யாருக்கும் அது தெரியாது. 2019இல் சட்டத்தைத் திருத்தி ஐந்திலும் எட்டிலும் நிறுத்திவைக்க வழி செய்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு அந்த வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் எதிர்ப்புக்குப் பணிந்து திரும்பப் பெற்றது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் நிறுத்திவைக்கும் விதியைக் கொண்டுவந்தபோது, தமிழ்நாடு பழைய நிலையே தொடரும் என்றது. நிறுத்தக் கூடாது என்ற நிலை சரி. ஆனால் இரண்டு தரப்பின் சண்டையிலும் கூடுதல் நேரம் மையத்துக்கு வரவே இல்லை. நம் பள்ளிகளில் நீண்ட நேரம் இல்லாமல் இல்லை. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் காலையும் மாலையும் ஸ்பெஷல் கிளாஸ் நடக்கிறது, தேர்ச்சி விழுக்காட்டுக்காக. மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் திணறியபோது கிடைக்காத மணி நேரங்கள், மனப்பாடம் செய்வதற்கு என்று ஏழு வருஷம் கழித்துக் கிடைக்கின்றன.

மிலானியிடம் நான் முற்றாக விலகும் இடம் அடி. ஆசிரியையைப் பார்த்துக் கடிதம் வாதாடுகிறது: சாட்டை வேண்டுமானால் தருகிறோம், ஆனால் மதிப்பெண் பதிவேட்டின் மேலிருக்கும் பேனாவைக் கீழே போடுங்கள், பேனாவின் தழும்பு ஒரு வருஷம் நிற்கும், சாட்டையின் தழும்பு மறுநாளே மறைந்துவிடும். படிக்கும்போது சிலிர்க்கும். யோசித்தால் நிற்காது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்று யார் சொன்னது? அடிபட்ட பிள்ளைக்குத் தோல் மட்டுமா வலிக்கிறது? மேலும் மிலானியின் பையன்கள் அவரை நம்பினார்கள். ராவும் பகலும் தங்களுக்காகச் செலவழிக்கும் மனிதர் என்று அறிந்திருந்தார்கள். அந்த நம்பிக்கை இல்லாத வகுப்பில் சாட்டை வெறும் சாட்டைதான். 'அடியாத மாடு படியாது' என்று சொல்லிச் சொல்லியே தலைமுறைகளைக் கெடுத்த ஊரில் இந்தப் பக்கத்தை யாராவது மேற்கோள் காட்டத் தொடங்கினால் ஆபத்து. நம் கல்வி உரிமைச் சட்டம் இந்த ஒன்றில் அவரைவிடத் தெளிவு: 16ஆம் பிரிவு முதலில் நிறுத்திவைப்பதைத் தடுத்தது, அடுத்த 17ஆம் பிரிவு அடிப்பதைத் தடுக்கிறது.

அடுத்தது ஆசிரியரின் வாழ்க்கை. முழுநேரப் பள்ளிக்கு முழுநேர ஆள் வேண்டும். குடும்பம் குறுக்கே வரக் கூடாது என்று கடிதம் வெளிப்படையாகவே சொல்லி, இரண்டு வழி காட்டுகிறது. கணவன், மனைவி இருவரும் ஆசிரியர்களாக இருந்து வீட்டையே பள்ளிக்குள் திறந்துவைக்கலாம். இல்லாவிட்டால் பிரம்மச்சரியம். இதை வேடிக்கை என்று கடந்துபோகிறார்கள். எனக்கு இதுதான் மொத்தத் தத்துவத்தின் விரிசல். குருத்துவத்தில் இருந்த ஒருவர், சமைக்கவும் வீட்டைப் பார்க்கவும் ஒரு பெண் இருந்த ஒருவர், தன் வாழ்வின் அளவை எல்லா ஆசிரியருக்கும் அளவாக்குகிறார். தியாகிகளை நம்பி ஒரு பள்ளி நடக்கலாம், ஆயிரக்கணக்கான பள்ளிகள் நடக்காது. மிலானி இறந்த பிறகு அங்கே பள்ளி நீடிக்கவில்லை, நீடித்திருக்கவும் முடியாது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் அவருடைய நேரக் கணக்கே உடைகிறது. பார்பியானாவுக்கு மேலேறி வந்த பெண்கள் சொற்பம். கடிதம் அதற்குப் பாதையின் கடினத்தையும், பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்ற பெற்றோரின் எண்ணத்தையும் காரணம் காட்டி நகர்ந்துவிடுகிறது. ஆணுக்குத் தொழுவத்திலிருந்து மணி நேரங்களை மீட்டவர், அடுப்படியிலிருந்து பெண்ணுக்கு ஏன் மீட்கவில்லை? அண்ணன் காலை எட்டிலிருந்து மாலை ஏழரை வரை பள்ளியில் உட்கார்ந்தால் அவன் விட்டுப்போன வீட்டு வேலை யார் தலையில் விழுந்திருக்கும்? புத்தகத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு தாள்கூட இல்லை. இன்னொரு பக்கம், நம் 'இல்லம் தேடிக் கல்வி'யைப் பாருங்கள். 2021இல் கொரோனா கால இழப்பை ஈடுகட்ட மாலை நேர வகுப்பு என்று தொடங்கிய நல்ல திட்டம். பிள்ளைகளுக்கு நேரம் கிடைத்தது. கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு. பார்பியானாவில் ஒரு பாதிரியார் கொடுத்ததை இங்கே படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் கொடுத்தார்கள். இரண்டு இடத்திலும் அரசு முழு விலை கொடுக்கவில்லை.

மிலானிதான் தரத்தைக் கெடுத்தார், அவரால்தான் பள்ளி சோம்பேறிகளின் கூடாரமானது என்று இத்தாலியப் பத்திரிகைகளில் 1990களிலிருந்து ஒரு குற்றச்சாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அது நிற்காது. ஒரு சொல்லின் வேர் தெரியும்வரை பையனை எழுந்திருக்கவிடாத ஆளைத் தரத்தின் எதிரி என்பது வம்பு. அவர் கேட்ட மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பலன் சரியில்லை என்று அவர் மேல் பழிபோடுகிறார்கள். தமிழ்நாட்டில் 'ஆல் பாஸ்தான் பிள்ளைகளைக் கெடுத்தது' என்கிறவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு எதிரே நின்று வெறும் ஆல் பாஸையே சமூகநீதி என்கிறவர்களும் அதே புத்தகத்தின் அதே பக்கத்தைத்தான் கிழித்தெறிந்திருக்கிறார்கள்.

ஆக, நோயைக் கண்ட விதத்தில் மிலானி வெல்கிறார். மொழியைக் கற்பித்த விதத்தில் அவரை மிஞ்ச ஆள் குறைவு. மருந்தில் பாதி சரி: பெயில் ஆக்காதே என்று சொல்லும் உரிமை, கூடுதல் நேரத்தைக் கொடுப்பவருக்கே உண்டு என்ற நிபந்தனை. மீதிப் பாதி, அதாவது சாட்டையும் துறவும் பெண்ணை மறந்த கணக்கும், அவரோடு போகட்டும். அவருடைய மணி நேரங்கள் வேண்டும். அவற்றுக்குச் சம்பளம் வாங்கும் சாதாரண மனிதர்கள் வேண்டும்.

புத்தகத்தின் முகப்பிலேயே, இது ஆசிரியர்களுக்காக எழுதப்பட்டதல்ல, பெற்றோர்களுக்காக, அவர்கள் ஒன்றுசேர்வதற்கான அழைப்பு என்று ஒரு குறிப்பு இருக்கிறது. தமிழில் அது ஆசிரியர்களிடமே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கழிப்பறைக்கும் சுற்றுச்சுவருக்கும் தீர்மானம் போடுகிறார்கள், அவையும் தேவைதான். நான்காம் வகுப்பில் இன்னும் வாசிக்க வராத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது, அதை யார் செய்கிறார்கள், அவர்களுக்கு என்ன சம்பளம் என்று அந்தக் கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டால் அதைக் குறிப்பேட்டில் பதிந்தாக வேண்டும். 24ஆம் பிரிவு அவர் பக்கம் இருக்கிறது.